வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: பெரம்பலூர், அரியலூர் இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு வழி எங்கே இருக்கு?

2024 நவம்பர் 15. அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில், தைவானைச் சேர்ந்த டீன் ஷூஸ் குழுமத்தின் காலணித் தொழிற்சாலைக்கு முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்று அரசு அறிவித்தது. பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில் எறையூர் சிப்காட் தொழில் பூங்கா 2022 நவம்பரிலேயே திறக்கப்பட்டுவிட்டது. சர்க்கரை ஆலைக்குப் பெயர் போன எறையூர், இப்போது குரோக்ஸ் காலணிக்கும் பெயர் சொல்கிறது. அந்த முயற்சியிலும் தைவான் கூட்டு உண்டு.

ஆக, தைவான் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. இங்கே பி.இ. படிக்கிற ஒரு மெக்கானிக்கல் மாணவரோ, கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவியோ தைவானுக்கோ ஜெர்மனிக்கோ போய் சில மாதங்கள் படித்துவிட்டு, திரும்பி வந்து இதே டிகிரியை முடிக்க முடியுமா?

கேட்டுப் பார்த்தால் வழக்கமாக வரும் பதில்: "அதெல்லாம் ஐஐடி பசங்களுக்குத்தான்." அது முழு உண்மை இல்லை. "நல்ல மார்க் இருந்தா யாரு வேணா போகலாம்" என்பதும் முழு உண்மை இல்லை. மாணவர் பரிமாற்றம் என்பது மதிப்பெண்ணைவிட, ஏற்பாட்டையும் காலண்டரையும் நம்பி நடக்கும் விஷயம். அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது, அதில் பெரம்பலூர், அரியலூர் மாணவர்கள் எங்கே நுழைய முடியும் என்பதைப் பார்ப்போம்.

'எக்ஸ்சேஞ்ச்'னா என்ன?

வெளிநாட்டில் படிப்பது என்று பொதுவாகச் சொன்னாலும், அதற்குள் நான்கு வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான இடத்தில் விண்ணப்பித்து, பதில் வராமல் சோர்ந்துபோகிறார்கள்.

முதலாவது, செமஸ்டர் பரிமாற்றம். இரண்டு கல்வி நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. இங்கிருந்து சிலர் அங்கே, அங்கிருந்து சிலர் இங்கே. மாணவர் தன் சொந்தக் கல்லூரிக்குக் கட்டணம் கட்டுகிறார்; அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. அங்கே படித்த பாடங்களுக்கான கிரெடிட் இங்கே கணக்கில் சேரும்.

இரண்டாவது, ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப். ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் இரண்டு, மூன்று மாதங்கள் வேலை. வகுப்பு, பரீட்சை எதுவும் இருக்காது.

மூன்றாவது, தொழிற்பயிற்சி. ஒரு கம்பெனியிலோ நிறுவனத்திலோ சம்பளத்துடன் சில வாரங்கள் அல்லது மாதங்கள்.

நான்காவது, குறுகிய காலப் பயணம். ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை பயிற்சி, ஆய்வகப் பார்வை, கலந்துரையாடல்.

இதில் முதல் வகைக்கு மட்டும்தான் கல்லூரிகளுக்கு இடையிலான ஒப்பந்தம் கட்டாயம். பெரும்பாலான மாணவர்கள் தேடுவதும் அதைத்தான். சின்ன ஊர்க் கல்லூரிகளில் கிடைப்பதற்கு அரிதானதும் அதுதான்.

கல்லூரியில் ஒப்பந்தம் இல்லைன்னா நானே விண்ணப்பிக்கலாமா?

செமஸ்டர் பரிமாற்றத்துக்கு முடியாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உங்களைத் தனிநபராகப் பார்ப்பதில்லை. உங்கள் கல்லூரி பெயர் குறிப்பிட்டு அனுப்பிய மாணவராகத்தான் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் திட்டம் 1987-ல் தொடங்கியபோது ஐரோப்பிய நாடுகளுக்குள் மட்டும் இருந்தது. இன்று எராஸ்மஸ் பிளஸ் என்ற பெயரில் இந்தியா போன்ற நாடுகளிலிருந்தும் மாணவர்கள் ஒரு செமஸ்டர் போக வழி இருக்கிறது. மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகையும் பயணப்படியும் உண்டு. ஆனால், இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து முன்கூட்டியே திட்டம் போட்டிருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும்.

இங்கேதான் இணைப்புக் கல்லூரி என்ற அமைப்பு குறுக்கே வருகிறது. இந்த இரண்டு மாவட்டங்களின் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் குடைக்குள் வருகின்றன. அரியலூரில் இருப்பது அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியான பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி. பெரம்பலூரில் ரோவர், தனலட்சுமி சீனிவாசன் போன்ற தனியார் கல்லூரிகள். அண்ணா பல்கலைக்கழகம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் ஒப்பந்தம் போட்டால், அதன் பலன் முதலில் கிண்டி, குரோம்பேட்டை வளாகத் துறைகளின் மாணவர்களுக்குத்தான் போய்ச் சேரும். 'அண்ணா யுனிவர்சிட்டி' என்று டிகிரியில் ஒரே பெயர் அச்சாகிறது என்பதற்காக ஒரே வாய்ப்பு என்று அர்த்தம் இல்லை.

யுஜிசி என்ன சொல்கிறது? இந்திய, வெளிநாட்டு நிறுவனங்கள் சேர்ந்து படிப்பு நடத்துவதற்கான விதிமுறைகளை யுஜிசி 2022-ல் வெளியிட்டது. ட்வின்னிங் முறையில் 30 சதவீதம் வரையிலான கிரெடிட்டை வெளிநாட்டில் படிக்கலாம். டிகிரி கொடுப்பது இந்திய நிறுவனம். ஆனால், இதில் இறங்கும் இந்திய நிறுவனத்துக்கு நாக் மதிப்பீட்டில் 4-க்கு 3.01 இருக்க வேண்டும். அல்லது என்ஐஆர்எஃப் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100-க்குள் இருக்க வேண்டும். அல்லது சிறப்பு அந்தஸ்து பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். தொழில்நுட்பப் படிப்பு என்பதால் ஏஐசிடிஇ விதிகளும் உண்டு.

தன்னாட்சிக் கல்லூரிக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. பாடத்திட்டத்தை அதுவே வகுக்கிறது, பரீட்சையை அதுவே நடத்துகிறது. வெளியே படித்த பாடத்தை எதற்கு ஈடாக ஏற்பது என்பதை அதன் கல்விக்குழுவிலேயே பேசி முடிவெடுக்க முடியும். உங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றதா என்பது, இந்த விஷயத்தில் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்.

காலண்டர் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒப்பந்தம் இருந்தாலும் இடிக்கும் இடம் இது.

இங்கே ஒற்றைப்படை செமஸ்டர் ஆடி, ஆவணி வாக்கில் தொடங்கி நவம்பர், டிசம்பர் பரீட்சையோடு முடிகிறது. இரட்டைப்படை செமஸ்டர் தை, மாசியில் தொடங்கி மே, ஜூன் வரை போகிறது. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி வரை ஓடும். கோடைகால செமஸ்டர் ஏப்ரல் முதல் ஜூலை வரை. அதாவது, அங்கே ஒரு குளிர்கால செமஸ்டரை முழுதாக முடித்துவிட்டு வந்தால், இங்கே ஐந்தாவது செமஸ்டரும் போய், ஆறாவது செமஸ்டரின் தொடக்கமும் போயிருக்கும்.

அடுத்தது கிரெடிட் கணக்கு. ஐரோப்பாவில் ஒரு முழு ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட், ஒரு செமஸ்டர் 30. இங்கே ஒரு செமஸ்டருக்கான கிரெடிட் எண்ணிக்கை வேறு, கணக்கிடும் முறையும் வேறு. அங்கே படித்த 'கன்ட்ரோல் இன்ஜினீயரிங்' பாடத்தை இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாக எடுப்பது என்று கிளம்பும் முன்பே எழுத்தில் முடிவாகி இருக்க வேண்டும். இதற்குப் பெயர் கற்றல் ஒப்பந்தம். இரு கல்லூரிகளும் மாணவரும் கையெழுத்துப் போடும் ஒரு தாள். அது இல்லாமல் போனவர், திரும்பி வந்து அதே பாடத்தை மறுபடி எழுத வேண்டிய நிலை வரலாம். 2021-ல் தொடங்கிய கிரெடிட் வங்கித் திட்டம் கிரெடிட்டைச் சேமித்து வைக்க இடம் தருகிறது. எதை எதற்கு ஈடாக ஏற்பது என்ற முடிவு அப்போதும் கல்லூரியுடையதுதான்.

சிலபஸுக்குள்ளேயே இருக்கும் ஜன்னல்

பலர் கவனிக்காத ஒரு விஷயம், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப் பாடத்திட்டத்தில் அடிக்குறிப்பாக இருக்கிறது.

எட்டாவது செமஸ்டரில் வகுப்புப் பாடங்கள் இல்லை. புராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப், அதற்கு 10 கிரெடிட். மாணவர் ஏழாவது செமஸ்டரிலேயே இன்டர்ன்ஷிப் போனால், ஏழாவது செமஸ்டர் பாடங்கள் எட்டாவது செமஸ்டரில் நடத்தப்படும் என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. அதாவது இரண்டு செமஸ்டரையும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

இதன் அர்த்தம் என்ன? கடைசி ஆண்டில் ஏதாவது ஒரு பாதியை, பாட இழப்பே இல்லாமல் வெளியில் கழிக்க முடியும். கிரெடிட் ஈடு பற்றிய தலைவலி இல்லை, அரியர் பயமும் இல்லை. வெளிநாட்டு ஆய்வகத்தில் செய்யும் வேலையே உங்கள் புராஜெக்ட். அதற்கு வேண்டியது, உங்கள் துறையின் ஒப்புதல், அங்கே ஒரு வழிகாட்டி, இங்கே ஒரு வழிகாட்டி. ஏழாவது செமஸ்டரில் போவதென்றால் வகுப்பை மாற்றி நடத்த வேண்டும் என்பதால், ஒரே ஒருவருக்காகக் கல்லூரி செய்யத் தயங்கும். எட்டாவது செமஸ்டர் அந்த வகையில் எளிது.

இது 2021 விதிமுறையில் படிப்பவர்களுக்கானது. பிறகு சேர்ந்தவர்களும் தன்னாட்சிக் கல்லூரி மாணவர்களும் தங்கள் பாடத்திட்டத்தில் கடைசி இரண்டு செமஸ்டர் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

ஒப்பந்தம் இல்லாமலே போகக்கூடிய வழிகள்

தைவான்: அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் ஆதரவில் நடக்கும் டீப் என்ற திட்டத்தில், அங்குள்ள பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களை ஆறு மாதத்துக்குள்ளான பயிற்சிக்கு எடுக்கின்றன. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனி புராஜெக்ட் அறிவிக்கும்; உதவித்தொகையும் அதற்கேற்ப மாறும். எட்டாவது செமஸ்டர் ஜன்னலோடு அளவு பொருந்திப்போகும் திட்டம் இது. சீன மொழி கற்க விரும்புபவர்களுக்குத் தைவான் அரசு தனியாக ஒரு மொழி உதவித்தொகையும் தருகிறது. ஜெயங்கொண்டத்திலும் எறையூரிலும் தைவான் முதலீடு வரும் காலத்தில், மெஷினும் தெரிந்து கொஞ்சம் மாண்டரினும் பேசத் தெரிந்த உள்ளூர் இன்ஜினீயருக்கு மதிப்பு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கனடா: மைடாக்ஸ் குளோபலிங்க் திட்டம். 12 வார ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப். பயணத்துக்கும் தங்குவதற்கும் உதவி உண்டு. படிப்பு முடிய ஒன்று முதல் மூன்று செமஸ்டர் மீதம் இருக்க வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக முந்தைய ஆண்டு செப்டம்பர் வாக்கில் முடிந்துவிடும். ஆக, மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே தயாராக இருக்க வேண்டும். பங்கேற்கும் நாடுகளும் கல்வி நிறுவனங்களும் எவை என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்க்க வேண்டும்.

ஜப்பான்: 2014-ல் தொடங்கிய சகுரா அறிவியல் பரிமாற்றத் திட்டம். ஒன்று முதல் மூன்று வாரப் பயணம், செலவு ஜப்பான் தரப்பு. ஆனால், ஜப்பானிய நிறுவனம் ஒன்று அழைக்க வேண்டும். இதை மாணவரைவிட ஒரு பேராசிரியர் முன்கை எடுத்தால்தான் நடக்கும்.

தமிழ்நாடு அரசு: 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் 'ஸ்கவுட்' என்ற பெயரில் தேர்வு நடத்தி, மாணவர்களை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். 2024 ஜூனில் 25 மாணவர்கள் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். இடம் மிகக் குறைவு. ஆனால், கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்பது இங்கே தடையில்லை. செலவும் அரசுடையது.

உள்நாடு: இதைப் பலர் படிக்கட்டாகப் பார்ப்பதில்லை. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் இயங்கும் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து இரண்டு மாதக் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. சென்னை ஐஐடியும் கோடைக்கால உதவித்தொகை அறிவிக்கிறது. வெளிநாட்டுப் பேராசிரியருக்கு உங்கள் கல்லூரியின் பெயர் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தரும் ஐஐடி பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரையை அவர் படித்திருக்க வாய்ப்பு அதிகம்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால், உதவித்தொகை இல்லாமல் போகும் மாணவர் தன் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதை விசாவுக்காகக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. நம் கணக்கில் மாதம் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். ஆறு மாதம் என்றால் ஆறு லட்சம், விமான டிக்கெட் தனி. கரும்பு, பருத்தி, மக்காச்சோளம் விற்று வரும் பணத்தில் ஃபீஸ் கட்டும் வீட்டுக்கு இது சும்மா இல்லை.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். பெரும்பகுதி பட்டியல் சாதி மாணவர்களுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இரண்டும் பெரிய உதவிகள். ஆனால், இரண்டுமே முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான், பி.இ. நடுவில் ஒரு செமஸ்டர் போவதற்கு இல்லை.

அதேபோல எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்பு. இதற்குக் கல்லூரி ஒப்பந்தம் வேண்டாம், தனிநபராகவே விண்ணப்பிக்கலாம். கட்டண விலக்குடன் மாதம் 1,400 யூரோ கிடைக்கும். பி.இ. இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை விண்ணப்பக் காலம். உதவித்தொகை பெறும் நாடுகளில் இந்தியா தொடர்ந்து முன்வரிசையில் இருக்கிறது. பணம்தான் தடை என்றால், பி.இ. படிக்கும்போது கையைக் கடித்துக்கொண்டு ஒரு செமஸ்டர் போவதைவிட, ஒரு ஐஐடி அல்லது என்ஐடி இன்டர்ன்ஷிப்பைச் செய்துவிட்டு, முழு உதவித்தொகையோடு முதுநிலைக்குப் போவது பல குடும்பங்களுக்குச் சரியாக வரும்.

நம்ம ஊர் என்ன தர முடியும்?

பரிமாற்றம் என்ற சொல்லிலேயே கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. பெரம்பலூரும் அரியலூரும் இதில் வெறும் வாங்குகிற ஊர்கள் அல்ல.

ஐயஸ்ட் என்ற சர்வதேச அமைப்பு 1948-ல் லண்டனில் தொடங்கப்பட்டது. 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. தொழில்நுட்ப மாணவர்களுக்கு வெளிநாட்டில் சம்பளத்துடன் பயிற்சி ஏற்பாடு செய்வதே அதன் வேலை. இந்தியக் கிளை மணிப்பாலிலிருந்து இயங்குகிறது. அதன் நடைமுறை நம் மொய் நோட்டைப் போன்றது. ஒரு நாட்டு நிறுவனம் ஒரு வெளிநாட்டு மாணவருக்கு இடம் கொடுத்தால், அதற்குப் பதிலாக அந்நாட்டு மாணவர் ஒருவருக்கு வெளியே இடம் கிடைக்கும். எத்தனை இடம் கொடுக்கிறோமோ, அத்தனை இடம் திரும்பி வரும்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் வரிசையாக இருக்கின்றன. அரசின் டான்செம் முதல் ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு வரை. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் துறையிலிருந்து வருகிறது. அதைக் குறைப்பது எப்படி என்பது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் சூடான ஆராய்ச்சித் தலைப்பு. சுண்ணாம்புக்கல்லையும் சுட்ட களிமண்ணையும் கலந்து செய்யும் எல்சி3 என்ற சிமென்ட், சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகமும் டெல்லி, சென்னை ஐஐடிகளும் சேர்ந்து உழைத்த விஷயம். 2023-ல் இந்தியத் தர நிர்ணயமும் அதற்கு வந்துவிட்டது. இந்தத் துறையில் படிக்கும் ஒரு ஐரோப்பிய மாணவருக்கு அரியலூர் ஆலையில் எட்டு வாரம் கிடைப்பது பெரிய விஷயம். அந்த ஒரு இடத்துக்குப் பதிலாக இங்கிருந்து ஒரு மாணவருக்கு இடம் கேட்க முடியும். அதற்கு ஆலைகளும் கல்லூரிகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

இன்னொன்று, பாறைகள். கிரெட்டேசியஸ் காலக் கடல் படிவுகளுக்கு இந்தப் பகுதி உலகப் புகழ் பெற்றது. 'அரியலூர்' என்பதே புவியியல் நூல்களில் ஒரு பாறைத் தொகுதியின் பெயர். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டிலேயே பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை வரைபடமாக்கினார். இன்றைய செக் நாட்டுப் பகுதியில் பிறந்த ஸ்டோலிச்கா இதன் புதைபடிவங்களைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதினார். வெளிநாட்டு ஆய்வாளர்கள் 160 ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே வந்து போகிறார்கள். அதை இருவழிப் பாதையாக மாற்றுவதுதான் மிச்சம். சிவில் மாணவர் ஒருவர் வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதும் மெயிலில் "உங்கள் ஆய்வகத்தில் சேர விரும்புகிறேன்" என்று மட்டும் எழுதினால் அது நூற்றில் ஒன்று. "எங்கள் கல்லூரியிலிருந்து சில கிலோமீட்டரில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது, அங்குள்ள களிமண்ணைச் சோதித்துப் பார்த்தோம், முடிவு இது" என்று எழுதினால் அவர் நிமிர்ந்து உட்காருவார்.

எந்த ஆண்டில் என்ன செய்யணும்?

முதலாம் ஆண்டு: பாஸ்போர்ட். 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். இரு மாவட்டங்களும் திருச்சி மண்டல அலுவலகத்தின் கீழ் வருகின்றன. இங்கே வரும் பெரிய சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒற்றை எழுத்து, ஆதாரில் வேறு மாதிரி, அப்பா பெயரின் எழுத்துக்கூட்டல் இன்னொரு மாதிரி என்றால் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். ஆதார் திருத்தத்தை இப்போதே முடித்துவிடுங்கள்.

இரண்டாம் ஆண்டு: அரியர் வராமல் பார்த்துக்கொள்வது. பரிமாற்றத் திட்டங்கள் பொதுவாக அரியர் இல்லாத மாணவரையே கேட்கின்றன. ஒரு மொழியைத் தொடங்குவது. ஜெர்மன், ஜப்பான், மாண்டரின் எதுவானாலும் சரி. ஒரு பேராசிரியரோடு சேர்ந்து சின்னதாக ஒரு ஆய்வு.

மூன்றாம் ஆண்டு: இதுதான் விண்ணப்ப ஆண்டு. செப்டம்பர் முதல் ஜனவரிக்குள் பெரும்பாலான கோடைக்கால வாய்ப்புகள் மூடிவிடும். 'லீவு வரட்டும், பார்க்கலாம்' என்று மே மாதம் தேடினால் எதுவும் இருக்காது. எட்டாவது செமஸ்டர் புராஜெக்டை வெளியே செய்ய விரும்புவதாகத் துறைத் தலைவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டியதும் இந்த ஆண்டில்தான்.

நான்காம் ஆண்டு: எராஸ்மஸ் முண்டஸ் போன்ற முதுநிலை உதவித்தொகைகள். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு ஆண்டுகள் செல்லும் என்பதால், மூன்றாம் ஆண்டு இறுதியில் எழுதினால் இங்கேயும் பயன்படும்.

ஏமாறாம இருக்கணும்னா?

உண்மையான பரிமாற்றத்தில் அங்கே கல்விக் கட்டணம் இருக்காது. உண்மையான ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்புக்கு இடம் 'வாங்க' பணம் கட்டத் தேவையில்லை. "இரண்டு லட்சம் கட்டினால் ஐரோப்பாவில் இன்டர்ன்ஷிப், சர்டிஃபிகேட் கேரண்டி" என்று யாராவது சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். அழைப்புக் கடிதம் பல்கலைக்கழகத்தின் சொந்த மெயில் முகவரியிலிருந்து வருமா? கடிதத்தில் இருக்கும் பேராசிரியர் பெயர் அந்தப் பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கிறதா? விசா எந்தப் பிரிவில்? டூரிஸ்ட் விசாவில் போய்க்கலாம் என்ற பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

கல்லூரிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். சேர்க்கை நேரத்தில் "இத்தனை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம்" என்று பேனர் இருந்தால், பெற்றோர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடந்த மூன்று ஆண்டுகளில் அந்த ஒப்பந்தத்தில் எத்தனை பேர் போய் வந்தார்கள், அவர்களுக்குக் கிரெடிட் சேர்ந்ததா?

யார் முதல் அடி எடுத்து வைக்கணும்?

மாணவர் தன் பங்குக்குச் செய்யக்கூடியது பாஸ்போர்ட், மொழி, மதிப்பெண், நல்ல மெயில். அதற்கு மேல் ஒரு கல்லூரியில் ஒரே ஒரு ஆசிரியருக்கு இந்த வேலையைப் பொறுப்பாகக் கொடுத்தாலே நிலைமை மாறும். எந்தத் திட்டத்துக்கு எப்போது கடைசித் தேதி என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது, எட்டாவது செமஸ்டர் புராஜெக்டை வெளியே செய்ய அனுமதிக்கும் நடைமுறையை ஒரு பக்கத்தில் எழுதி வைப்பது, பக்கத்து ஆலைகளிடம் ஆண்டுக்கு ஒரு இடம் கேட்பது. இதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம்.

ஜெயங்கொண்டத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது கங்கைகொண்ட சோழபுரம். கடல் கடந்து கடாரம் வரை படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகரம். அந்த மண்ணில் இன்று கடல் கடந்து முதலீடு வருகிறது. தொழிற்சாலை ஓடத் தொடங்கியதும் லைனில் நிற்பதற்கு உள்ளூர் ஆட்கள் கண்டிப்பாக எடுக்கப்படுவார்கள். டிசைன் அறையிலும் ஆய்வகத்திலும் உட்காரப்போவது யார் என்பது, இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் என்ன செய்கிறார்கள், அவர்களுடைய கல்லூரிகள் என்ன ஏற்பாடு செய்கின்றன என்பதைப் பொறுத்தது.